வேன் சார்

பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவராக இருக்கலாம். மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ குப்பை கொட்டியவராகவும் இருக்கலாம். தெருவுக்கு அவர் ‘வேன் சார்’. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டிலும் வேனின் ஆர்.சி. புத்தகத்திலும் மட்டுமே இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை மாருதி ஆம்னி, 1998 மாடல். அதன் முன்சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே தலையை விட்டபடி ஒரு வேட்டி.

ஆம்னிக்கு என்ஜின் முன்சீட்டுக்கு அடியில். அதனால் வேன் சாரின் முகத்தைவிட முதுகுதான் தெருவுக்கு அதிகப் பழக்கம். அந்த நேரத்தில் ‘என்ன சார், ரிப்பேரா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ‘ரிப்பேரா? இதுவா? சும்மா ஆயில் பார்த்தேன்’ என்பார். ஆயில் பார்ப்பதற்கு ஸ்பானர் செட்டும், கழற்றிப் போட்ட கார்பரேட்டரும், பல்லுக்கிடையில் ஒரு ஸ்க்ரூவும் எதற்கு என்று கேட்காமல் நகர்வதுதான் நாகரிகம்.

அவருடைய மூலமந்திரம் ஒன்றே ஒன்று: ‘இத்தனை வருஷத்துல நடுவழியில ஒரு தடவை நின்னதில்ல.’ கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். வீட்டு அம்மாள் மட்டும் ஆட்ட மாட்டார்.

‘சமயபுரம் போறப்ப பாலத்து மேல நின்னுச்சே?’

‘அது நின்னதில்ல. சூடு ஏறுற மாதிரி இருந்துச்சு, நான்தான் நிறுத்துனேன்.’

‘அப்புறம் கிளம்பலையே?’

‘கிளம்பியிருக்கும். அதுக்குள்ள நீ பஸ்ஸுக்குக் கை காட்டிட்ட.’

பேட்டரி இறங்கினால் அது பேட்டரி விற்ற கடைக்காரர் குற்றம். டயர் போனால் ரோடு போட்டவர் குற்றம். பெட்ரோல் குழாய் கசிந்தால் இருபது சதவீதம் எத்தனால் கலக்கச் சொன்னவர்கள் குற்றம். இதில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் இந்தப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. கிளட்ச் கேபிள் அறுந்தால், ‘கேபிள்னா அறுந்துதான் போகும்’. இவ்வளவையும் கழித்த பிறகு வண்டியின் பேரில் குற்றம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. கணக்கு வாத்தியாரும் இப்படிக் கழிக்க மாட்டார்.

அடுத்த மந்திரம், ‘எல்லாம் கம்பெனி ஒரிஜினல்’. என்ஜினுக்கு போர் அடித்து ரிங் மாற்றியாயிற்று. கியர்பாக்ஸ் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தது. அதற்கு முன் அது ஏதோ ஒரு ஸ்கூல் வேனில் உழைத்துக்கொண்டிருந்தது. தள்ளுகதவின் அடிப்பகுதி துருப்பிடித்து உதிர்ந்ததும், டிங்கர் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பட்டி பார்த்தார். தரைத்தகடும் அப்படியே. பின்பக்கத்து லீஃப் பட்டைகளை எத்தனை முறை மாற்றினார் என்று அவரே சொல்ல மாட்டார். ஒரிஜினலாக மிஞ்சியிருப்பவை சேசிஸ் நம்பரும், டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரும். பிள்ளையாரைக் கம்பெனி கொடுக்கவில்லை.

வண்டியின் வரலாற்றை அவர் வாயால் கேட்க வேண்டும். மாருதி இந்த வேனை 1984-ல் கொண்டு வந்தது. அப்போது வெறும் மாருதி வேன்தான். ஆம்னி என்ற பெயர் 1988-ல் வந்தது. 2019-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அந்தச் செய்தி வந்தபோது வேன் சார் துக்கப்படவில்லை, சந்தேகப்பட்டார். ‘இது ஓடிக்கிட்டிருந்தா மத்த வண்டிய எவன் வாங்குவான்? அதான் நிறுத்திட்டான்.’ உண்மைக் காரணம் சாதாரணமானது. மோதல் சோதனை, பாதுகாப்பு என்று புது விதிகள் வந்தன. முன்பக்கம் மூக்கே இல்லாத இந்த வண்டியால் அவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாது. ஓட்டுகிறவர் முழங்காலுக்கும் எதிரே வருகிற லாரிக்கும் நடுவில் இருப்பது ஒரு தகடும் கொஞ்சம் பெயிண்டும். இதைச் சொன்னால், ‘மூக்கு இல்லாததாலதான் சந்துல திருப்ப முடியுது’ என்பார். அவர் திருப்புகிற சந்துகளைப் பார்த்தவர்கள் பதில் பேச மாட்டார்கள்.

தமிழ் சினிமாவில் ஆள் கடத்துகிறவர்களுக்கு ரொம்ப காலம் இந்த வண்டிதான் வாகனம். கதவைத் தள்ளு, ஆளை உள்ளே இழு, கிளம்பு. வேறு யாராவது என்றால் கூச்சப்படுவார்கள். வேன் சார் இதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார். ‘கடத்துறவன் ஸ்டார்ட் ஆகாத வண்டியவா எடுத்துட்டுப் போவான்?’

செலவைப் பற்றிப் பேசினால்தான் குரல் தணியும். ‘செலவே வைக்காத வண்டி’ என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வீட்டு வரவு செலவு நோட்டு அதைக் காப்பாற்ற வேண்டாமா? எனவே என்ஜின் ஆயில், ‘எண்ணெய் 3 லிட்டர்’ என்று மளிகைக் கணக்கில் ஏறும். ரேடியேட்டர் கூலன்ட் ‘தண்ணீர்’ ஆகும். பிரேக் ஷூ மாற்றிய மாதம் ‘செருப்பு – 2 ஜோடி’ என்று எழுதியிருப்பார். ‘போன மாசம் யாருக்குங்க செருப்பு வாங்குனீங்க?’ என்ற கேள்விக்கு அவர் இன்றுவரை பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு நோட்டு உண்டு, வண்டிக்கு மட்டும். அதில் பொய்யே கிடையாது. எந்தத் தேதியில், எந்த கிலோமீட்டரில், என்ன மாற்றினார், எந்தக் கடை, பில் நம்பர் எல்லாம் இருக்கும். மீட்டர் கேபிள் அறுந்து கிடந்த நாட்களில்கூட, போய்வந்த ஊர்களின் தூரத்தைக் கூட்டி எழுதியிருப்பார். கேலியை நிறுத்திவிட்டு நான் வாயைப் பிளந்தது இந்த நோட்டைப் பார்த்தபோதுதான். வண்டி நீடித்து ஓடுவதற்கு அவர் சொல்கிற காரணம் ‘ராசி’. உண்மைக் காரணம் இந்த நோட்டு. ஆம்னியில் இருப்பது மாருதி 800-ல் இருந்த அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜின், நான்கே கியர், 1998 மாடலில் கம்ப்யூட்டர் சமாசாரம் ஏதும் கிடையாது. எந்த ஊர் ஷெட்டிலும் கை பழகிய சரக்கு. ஆனால் எளிய என்ஜினும் சூடேறினால் ஹெட் கேஸ்கெட்டை வாங்கிக்கொண்டுதான் விடும். டைமிங் பெல்ட் அறுவதற்கு முன் சொல்லிவிட்டு அறாது. சத்தம் வந்த பிறகு மெக்கானிக்கைத் தேடுகிறவர்களின் வண்டிகள் காயலான் கடைக்குப் போய்விட்டன. சத்தம் வருவதற்கு முன்பே நோட்டைப் பார்த்து மாற்றியவரின் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது.

மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ‘சார், நீங்க ஒரு டீ சாப்பிட்டு வாங்களேன்’ என்று பாய் கெஞ்சுவார். டீயை ஷெட்டுக்கே வரவழைத்துவிடுவார், பாய்க்கும் சேர்த்து.

‘பாய், மூணாவது கியர்ல ஒரு இது கேக்குது.’

‘எது சார்?’

‘ஒரு இது.’

பாய் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ‘ஆமா சார், இருக்கு’ என்பார். இருவருக்கும் புரிந்துவிடும். நமக்குக் காது இருந்தும் பயனில்லை.

சொந்த உபயோகத்து வண்டிக்குப் பதிவு பதினைந்து வருடம். அப்புறம் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும். இதை எல்லாரும் ‘எஃப்.சி.’ என்றே சொல்வோம். முன்பெல்லாம் புதுப்பிக்க 600 ரூபாய்தான். 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025-ல், இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்றார்கள். பசுமை வரி தனி. ‘வயசானவங்களுக்கு ரயில்ல சலுகையையும் எடுத்துட்டாங்க, வண்டிக்கும் ஏத்திட்டாங்க’ என்று ஒரு பாட்டம் புலம்பிவிட்டு, அடுத்த எஃப்.சி.க்கு இப்போதே ஆர்.டி. கட்டி வருகிறார். அந்த வாரம் வந்தால் பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி வண்டி அமளிப்படும். டிங்கரிங், பெயிண்டிங், ஹெட்லைட்டுக்கு பாலிஷ், சீட்டுக்குப் புது உறை. போனமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ‘இது இன்னும் ஓடுதா சார்?’ என்று கேட்டாராம். அவர் பாராட்டினார் என்று சார் சொல்கிறார். உடன் போன பாய் எதுவும் சொல்வதில்லை.

பெங்களூரிலிருந்து மகன் புதுக் காரில் வந்தால் வீட்டில் ஒரு வாரம் பேச்சு முழுக்க அதுதான். ‘அப்பா, இதுல ஆறு ஏர்பேக். உங்க வண்டில பின்சீட்ல பெல்ட்டே கிடையாது.’ பையன் சொல்வதுதான் சரி. அந்த வேனில் பன்னிரண்டு பேரும் ஒரு வாழைத்தாரும் ஏறிக் கல்யாணத்துக்குப் போகிற பழக்கத்தை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் சாரின் ராசி, மகனின் காரில் திடீரென்று ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ‘என்னடா அது?’ ‘தெரியலப்பா, ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்கணும்.’ ஸ்கேனர் இருப்பது மாவட்டத் தலைநகரில். அங்கே விட்டுவந்த காரை மருமகளைக் கூட்டிப்போய் எடுத்துவர, வேன் சார் ஒன்றும் பேசாமல் ஆம்னியின் சோக்கை இழுத்து செல்ஃப் அடிப்பார். அப்படி ஒன்றும் பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது மாமனாராக இருப்பவர்களுக்குத் தெரியும்.

கார் கன்சல்டிங்காரர்கள் அவ்வப்போது வந்து விலை கேட்பார்கள். நின்றுபோன மாடல் என்பதால் நல்ல ஆம்னிக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. காய்கறிக்காரர், கேட்டரிங்காரர், பூக்கடைக்காரர் எல்லாரும் தேடுகிறார்கள். சார் அவர்களை உட்கார வைப்பார், மோர் கொடுப்பார், நோட்டைக் காட்டுவார், என்ஜினை ஓடவிட்டுக் காட்டுவார், ஒரு ரவுண்டு கூட்டிப்போவார். கடைசியில், ‘விக்கிற எண்ணம் இல்ல தம்பி. எவ்வளவுக்குப் போகும்னு தெரிஞ்சுக்கலாமேன்னுதான்’ என்பார்.

பழைய ஆம்னி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயிண்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். கீழே படுத்துத் தரைத்தகட்டையும் தள்ளுகதவின் அடிப்பக்கத்தையும் தட்டிப் பாருங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். புகையின் நிறத்தைக் கவனியுங்கள். ஆர்.சி. எந்தத் தேதி வரை என்று பாருங்கள். நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். நோட்டு இல்லாதவரிடம் வாங்காதீர்கள். நோட்டு இருக்கிறவர் விற்க மாட்டார்.