சலுகையிலக்கணம்: மாணவர் படலம்

மூன்றாண்டு மாநகரப் பேருந்திலும் இரண்டாண்டு விடுதிச் சாப்பாட்டிலும் பயின்ற அனுபவத்தை வைத்து இந்நூலை இயற்றத் துணிந்தேன். பாயிரம் இவ்வளவு போதும். நீண்டால் பஸ் போய்விடும்.

பெயர், வினை, இடை, உரி என்று சொல் நான்கு வகைப்படும். மாணவர் சலுகையும் அவ்வாறே.

பெயர்ச்சலுகையாவது, பெயரும் படமும் ஒட்டிய அட்டையால் வருவது. பஸ் பாஸ் இதன் தலைமகன். தமிழக அரசுப் பேருந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், அரசுக் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இது இலவசப் பயணம் தரும். சேரும்போது எண்ணெய் வைத்துப் படிய வாரிப் படம் எடுத்தவன், தீபாவளிக்குள் கிருதா வளர்த்து வேறு ஆளாகிவிடுவான். கண்டக்டர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பது, உவமானத்துக்கும் உவமேயத்துக்கும் பொதுத்தன்மை ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்னும் ஆராய்ச்சி. இங்கே ஓர் ஆகுபெயரும் பிறக்கிறது. “பாஸெல்லாம் உள்ள போப்பா, படியில நிக்காத!” அட்டையின் பெயர் அட்டைக்காரனுக்கு ஆகி வந்தது. கண்டக்டரின் உலகில் உயர்திணை டிக்கெட், அஃறிணை பாஸ். மாணவன் எந்தத் திணை என்பது வண்டியில் கூட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

உரிச்சலுகை பண்பால் வருவது. சீருடையே பண்பு. ஜூனில் பள்ளி திறந்து புதுப் பாஸ் கைக்கு வரும்வரை, சீருடையைப் பார்த்தோ பழைய பாஸைப் பார்த்தோ ஏற்றிக்கொள்ளும்படி உத்தரவு வரும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

வினைச்சலுகைதான் இந்நூலின் உயிர். வினைச்சொல் காலம் காட்டும். வினைச்சலுகை காலத்தைத் தின்னும். எடுத்துக்காட்டு ரயில். சொந்த ஊருக்குப் போகும் மாணவருக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதிக் கட்டணம். பட்டியலின, பழங்குடி மாணவர் கால் பங்கு கொடுத்தால் போதும். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பலவற்றை ரயில்வே நிறுத்தியபோதும் இது தப்பிப் பிழைத்தது. அன்று முதல் ஒரே பெட்டியில் தாத்தா முழு டிக்கெட், பேரன் அரை டிக்கெட். பொதுவாக 25 வயதுவரை மாணவர். ஆய்வு மாணவர் 35 வரை மாணவரே. வழுக்கை விழுந்தாலும் தடையில்லை.

இத்தொடரில் எழுவாய் மாணவன், பயனிலை டிக்கெட். இரண்டுக்கும் நடுவே கல்லூரி அலுவலகம், சாப்பிடப் போன கிளார்க், சலுகைப் படிவம், முதல்வர் கையெழுத்து, முத்திரை, ரயில் நிலையக் கவுன்ட்டர் வரிசை. வீட்டிலிருந்து போனைத் தட்டி இந்தச் சலுகையை எடுக்க முடியாது. ஒரு பொங்கலுக்கு நான் எழுவாயாக நின்றேன். கையெழுத்து கிடைத்த அன்று, முத்திரை இருந்த பீரோவின் சாவிக்காரர் லீவு. மறுநாள் முத்திரையோடு கவுன்ட்டரை அடைந்தபோது வெயிட்டிங் லிஸ்ட் இருநூறைத் தாண்டியிருந்தது. இரண்டு நாள் டீயையும் ஷேர் ஆட்டோவையும் கூட்டிப் பார்த்தேன். மிச்சம் பிடிக்க நினைத்ததில் பாதி அதிலேயே போயிருந்தது. கடைசியில் அன்ரிசர்வ்டில் கழிப்பறைக் கதவோரம் நின்றபடி ஊர் போய்ச் சேர்ந்தேன். பயனிலை இல்லாமல் தொடர் முடியாது என்ற விதி அன்று பொய்த்தது.

டிக்கெட் கிடைத்தாலும் புணர்ச்சி விதி காத்திருக்கிறது. பாதி என்பது அடிப்படைக் கட்டணத்தில்தான் பாதி. ரிசர்வேஷன் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் முழுசாக வந்து ஒட்டும். இது தோன்றல் விகாரம். மற்ற இரண்டு விகாரங்களையும் இணையக் கடைகளில் காணலாம். தள்ளுபடி என்று உள்ளே போனால், அது அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளும் புள்ளிகளாக மாறியிருக்கும், இது திரிதல். பணம் கட்டும் பக்கம் வரைக்கும் கூடவே வந்து அங்கே காணாமல் போனால் கெடுதல்.

பால் பாகுபாடும் உண்டு. வீட்டிலிருந்து படிக்கப் போய்வர ரயில்வே தரும் இலவச சீசன் டிக்கெட், பெண்ணுக்குப் பட்டப்படிப்பு வரை, ஆணுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. பாஸை மறந்துவிட்டு வந்த தம்பியிடம் குறுக்கு விசாரணை நடத்தும் கண்டக்டர், பக்கத்திலிருக்கும் அக்காவுக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார்.

இடைச்சலுகை தனித்து நிற்காது. இன்னொன்றைச் சார்ந்தே இயங்கும். நால்வர் சேர்ந்து இரண்டு பரோட்டா வாங்கி, அதைச் சாக்காக வைத்து ஒரு வாளி சால்னாவைக் காலி செய்வது இவ்வகை. பரோட்டா பெயர், சால்னா இடை. ‘உம்’ என்னும் இடைச்சொல்லைப் போலச் சால்னாவுக்கும் தனி விலை கிடையாது. கடைக்காரர் முகம் சுளிக்கும் வரை செல்லும் என்பது இதன் எல்லை. மாஸ்டர் ஊர்க்காரராக இருந்தால் எல்லை நீளும்.

இனிப் போலி. இலக்கணத்தில் போலி என்பது குற்றமில்லை. எழுத்து மாறியும் பொருள் மாறாதது. அட்டைக்காகவே ஏதோவொரு டிப்ளமாவில் சேர்ந்தவர் முதற்போலி. அட்டையை வைத்துக்கொண்டு வகுப்பு நடுவே சினிமாவுக்குப் போகிறவர் இடைப்போலி. படிப்பு முடிந்தும் அட்டையைத் திருப்பித் தராதவர் கடைப்போலி. என் நண்பன் ஒருவன் கல்லூரி மின்னஞ்சல் முகவரியைக் காட்டி இன்றும் மாணவர் விலையில் பாட்டுக் கேட்கிறான். போன மாதம்தான் மகளுக்குக் காது குத்தினான்.

புறனடை: மேற்சொன்னவற்றுள் அடங்காதவை சில உள. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே ஒரு பிரிவு உண்டு. 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். இங்கெல்லாம் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. ஒரு காலை அந்த இட்லி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மூட்டை தூக்குபவர், பின்னால் கைடு புத்தகமும் கையுமாக ஒரு பையன். பழக்க தோஷத்தில் அவன் கல்லூரி அட்டையை எடுத்து நீட்டினான். தட்டு வைத்த அம்மா அட்டையைப் பார்க்கவேயில்லை. “எத்தனைப்பா?” என்றார். இதைப் பெயரில் சேர்ப்பதா, உரியில் சேர்ப்பதா என்பதைப் பின்வரும் உரையாசிரியர்கள் முடிவு செய்யட்டும். எனக்குச் சாம்பார் ஆறுகிறது.