ஒரு திருகு போதும்

வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றுவது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன், குழாயை இறுக்குகிறவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காலையில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சொட்டுகிற குழாயைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது. தனக்கு முன்னால் மூடிய ஆளுக்கு மூடத் தெரியவில்லை என்பது எல்லோருடைய தீர்மானமும். பால்காரர் ஒரு திருகு. கூரியர் பையன், கையெழுத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு திருகு. மாடி போர்ஷன் காலியா என்று கேட்க வந்தவர், வாடகையைக் கேட்பதற்கு முன் ஒரு திருகு, கேட்டபின் கோபமாக ஒன்று. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரோ செருப்பைக் கழற்றுமுன் மேல்துண்டைப் பிடியில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அரைத் திருகு திருகிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். பெண்ணைக் கொடுத்த இடம் அப்படி! சொட்டு நிற்கும். அவர் காபியை ஆற்றி முடிப்பதற்குள் மறுபடி டொக். "யாரோ திறந்திருக்காங்க மாப்பிள்ளே" என்று எழுந்து போவார். இன்று காலை பிடியே கையோடு வந்துவிட்டது. பிரசாதம் தருவதுபோல அதை என்னிடம் நீட்டி, "இப்பல்லாம் சாமானே சரியில்லை" என்றார்.

இறுக்க இறுக்க உள்ளே ரப்பர் வாஷர் நசுங்கும், பள்ளம் விழும், இன்னும் நன்றாகச் சொட்டும். வீட்டில் யார் கேட்கிறார்கள்? நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த சென்னையில்தான் இந்தக் கூத்து.

ஹார்டுவேர் கடையில் வாஷர் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாரு சார் மாத்தறா? புதுக் குழாயே மாட்டிடுங்க. உள்ள செராமிக் டிஸ்க், கால் திருகுலயே மூடிடும்" என்றார். ஒரு துண்டு ரப்பருக்காக முழுப் பித்தளையையும் தூக்கிப் போடச் சொல்லும் புத்தி எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் கால் திருகாம்! மீதி முக்கால் திருகை என் மாமனார் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

சரி, வாஷர் விஷயம். முதலில் மொட்டை மாடிக்குப் போய்க் கேட் வால்வை மூட வேண்டும். போனேன். அதையும் யாரோ திறந்து, பத்திரமாக இருக்கட்டும் என்று இறுக்கி வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கமும் அசையவில்லை. பிளம்பர் வந்துகொண்டே இருக்கிறார்.

அதுவரை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் இருக்கும் வாளியைத் தாண்டி வரவும். தயவுசெய்து எதையும் திருக வேண்டாம்.