குழந்தைக்குப் பின் பிறக்கும் வரைபடம்

வழக்கத்தையும் மூத்தோர் வாக்கையும் மட்டும் நம்பாமல், சிறந்த ஆய்வு முடிவுகளை அனுபவத்தோடும் நோயாளியின் விருப்பத்தோடும் இணைத்துச் சிகிச்சையைத் தீர்மானிப்பதே சான்றுசார் நடைமுறை எனப்படும். பிரசவ அறையில் இதன் பிரதிநிதியாக விளங்குவது பார்ட்டோகிராஃப். அதாவது, கருப்பைவாய் விரிவதையும் சிசுவின் இதயத் துடிப்பையும் நேரப்படி குறித்து, பேறு தடைப்படுவதை முன்கூட்டியே காட்டவேண்டிய ஒற்றைத் தாள். 1972இல் ரொடீசியாவில் ஃபில்பாட்டும் காஸிலும் இதில் எச்சரிக்கைக் கோட்டை வரைந்தது, சிறு நிலையத்துப் பேறுகாலச் செவிலியர் தாயை உரிய நேரத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பட்டும் என்பதற்காக. இந்தியா உட்படப் பல நாடுகளில், குழந்தை பிறந்து, கொடி அறுத்து, எடை பார்த்து, வெளியே நிற்கும் பாட்டியிடம் சொல்லியும் முடித்த பின்னரே அத்தாள் நிரப்பப்படுவதுண்டு. அப்படிப் போடப்படும் விரிவுக் கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தீண்டாமல் மரியாதையாக இடப்புறமே ஏறும். துடிப்பும் அரைமணிக்கொரு முறை 140 என்று பிசகாமல் நிற்கும்.

செவிலியரின் சோம்பல் என்று இதற்குப் பெயரிடுவது எளிது, மலிவும்கூட. அமெரிக்கச் செவிலியரைப் பற்றி 1991இல் வெளியான ஆய்விலேயே, ஆய்வு முடிவுகளைப் பணியில் பயன்படுத்துவதற்கு, நடைமுறையை மாற்றும் அதிகாரமின்மையும் நேரமின்மையும் பெருந்தடைகளாகச் சுட்டப்பட்டன. மூன்று கட்டில்களுக்கு ஒருவராக ஓடுபவர், கோடு எச்சரித்தாலும் மருத்துவர் வரும்வரை அதை வெறித்துப் பார்க்கத்தான் முடியும். மேற்பார்வைக்கு வருவோரோ கட்டங்கள் நிரம்பியுள்ளனவா என்று மட்டும் பார்ப்பர். மை காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர்களுடைய படிவத்தில் கட்டமில்லை.