குடிப்பந்தி நூல்: பகுப்பியல்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், புரவிமேல் காதல் மிக்க ஒரு குடும்பம் தன் கொல்லையில் கொட்டகை போட்டுப் பிறர் புரவிகளை வைத்துப் பேணவும் பழக்கவும் தொடங்குவதனை வகுத்துக் கூறுதல் நுதலிற்று. அதனைக் குடிப்பந்தி என்க. பந்தியாவது புரவி கட்டுமிடம். இலை போடும் பந்தியோடு மயங்கற்க.

மாணாக்கனே, புரவியை நிறத்தால் பகுப்பாரும் உளர்; சுழியால் பகுப்பாரும் உளர். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் வருவோர், காது நுனிகள் ஒன்றையொன்று தொடுவது மார்வாரி, கத்தியவாரி என்று இனத்தால் பகுப்பர். இவையெல்லாம் வாங்குவோர்க்கு ஆவன. வைத்துப் பேணுவோர்க்கு ஆவது ஒரே பகுப்பு: தின்பரி, தின்னாப்பரி.

1. தின்பரி. நாள்தோறும் தன் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு உலர்தீனி தின்பது இது. 400 கிலோ எடையுள்ள புரவிக்கு 8 கிலோ. ஊறவைத்த கொள்ளும் அதனுள் அடங்கும். நீர் 30 இலிட்டர் அளவில் வேண்டும். தின்றதைக் கக்க அதற்கு இயலாது. ஆகவே வயிற்றுவலி கண்டால் நள்ளிரவிலும் கால்நடை மருத்துவரை எழுப்புதல் குடியாரின் கடன். குளம்பு வளர்ந்துகொண்டே இருத்தலின், ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை இலாடம் கழற்றிச் சீவி மீண்டும் அடிக்க வேண்டும். புரவி கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றபடியே உறங்கும். குடியார் உறங்குமாறு நூல்களில் இல்லை.

1.1 குடியார் நால்வகையர். கனவோன், தொடங்கியவன், திரையில் குதிரையேறியவனைக் கண்டு கெட்டவன். இலத்தியாள், விடியலில் மண்வெட்டியோடு காணப்படுபவள். பெரும்பாலும் கனவோனின் மனைவி. தடையாட்டி, அப்பாயி, “இந்தக் காசுக்கு நாலு கறவை மாடு வாங்கியிருக்கலாம்” என்னும் ஒரே தொடரைப் பத்தாண்டும் உரைப்பவர், கொள்ளு வேகவைப்பவரும் அவரே. ஏறி, யாரும் கற்பிக்காமல் சேணமின்றி ஏறிவிட்ட இளையவன்.

1.2 பந்தியில் தம் புரவியை விட்டுச்செல்லும் வைப்பாளர் மூவகையர். ஞாயிற்றான், கிழமைக்கொருமுறை ஒரு கட்டுக் காரட்டும் கைபேசியுமாக வருபவன். காரட்டு புரவிக்கு, கைபேசி அவனுக்கு. வினவி, வாராமலே நாள்தோறும் “தின்னுச்சா?” என்று கேட்பவன். மறந்தான், இருகிளையன்: கூலியை மறந்தான், புரவியை மறந்தான். முன்னவன் இரண்டாம் ஆண்டில் பின்னவனாகத் திரிவான். அப்போது புரவி குடியாரின் உடைமையாகுமோ எனின், தீனிக்கடன் மட்டும் ஆகும்.

1.3 பழக்கல். நெடுங்கயிற்றில் வட்டமோடல், சேணம் பொறுத்தல், ஆள் பொறுத்தல் என மூன்று. இந்நாட்டில் நான்காவதும் உண்டு: வெடி பொறுத்தல். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும் புரவி, காலடியில் சரவெடி கிடக்க, பக்கத்தில் தவில் முழங்க, நிற்கவேண்டும். காதைப் பின்னுக்கு மடித்து ஒட்டவைத்ததாயின் மாப்பிள்ளையை உடனே இறக்குக; ஒளிப்படம் பிறகு எடுக்கலாம்.

பேணத் தெரியாமல் தின்பரி வாங்குதல் இந்நாட்டுப் பழங்குறை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழி ஆயிரக்கணக்கில் வந்த புரவிகளுள் பெரும்பாலானவை ஆண்டு முடியுமுன் மாய்ந்தன என்றும், பேணத் தெரிந்தவர் இல்லை என்றும் எழுதினார். அவற்றுக்குச் சோறும் வெந்த இறைச்சியும் ஊட்டினராம். விருந்தோம்பலின் மிகுதியால் வந்த கேடு இது. முன்னோர் அடுத்த வகையை நாடியது இக்கரணியத்தால் என்பது எம் துணிபு.

2. தின்னாப்பரி. இது மூன்று.

மடற்பரி, பனைமடலால் ஆவது. காதலியைப் பெறாத தலைவன் ஏறித் தெருவில் வருவது. குடும்பம் தொடங்கும் பொருட்டே ஏறப்படும் பரி இஃது ஒன்றே. பெண்டிர் ஏறுதல் இல்லை என்பது தொல்காப்பிய நெறி. திருமங்கையாழ்வார் தம்மைத் தலைவியாக்கி இரு மடல் பாடினார். ஆடல்மா என்னும் தின்பரியும் அவரிடம் இருந்தமையின் இருவகைக்கும் உரியவர்.

மட்பரி, வேளார் சுட்டுப் புரவியெடுப்பு நாளில் ஐயனார்க்கு விடுவது. வைத்துப் பேணல் என்பதனுள் வைத்தல் மட்டுமே இதற்கு உண்டு.

மரப்பரியே தலையாயது. ஊரார் இதனைக் குதிரை வாகனம் என்பர். பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைப் பக்கத்து அரும்பாவூரில், இதனைச் செதுக்கும் குடிகள் உள்ளன. அவ்வூர் மரச்செதுக்குக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது; தமிழ்நாட்டுத் தின்பரிக்கு அவ்வாறு ஒன்று இல்லை என்பதனை நோக்குக. வாகை, மா, வேம்பு ஆகியவை இவ்வூர் உளிக்கு உரிய மரங்களுள் சில. தின்பரி முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கப் பழகுவதற்குப் பல திங்களாகும். மரப்பரி தூக்கியபடியே பிறக்கும். இறக்கச் சொன்னாலும் இறக்காது.

இதன் இலத்தி சிராய். கொட்டாப்புளி விழ விழ உளியின் வாயில் சுருண்டு, பிடரி மயிரின் இடுக்குகளில் சிக்கி, தரையில் உதிரும். மாலையில் வாரிச் சுடுநீர் அடுப்புக்குக் கொண்டுபோவர். இலத்தியாள் என்னும் உறுப்பு இங்கும் உண்டு. மூக்கைப் பொத்துதல் இல்லை. நோய், செல்லரிப்பு ஒன்றே. தின்னாப்பரி தின்னப்படும் என்க.

வைப்பிடம் கோயிலின் ஊர்திக் கொட்டில். பெருமாள் கோயில் பெருவிழாவில் பெரும்பாலும் எட்டாம் நாள் இதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் யாளிக்கும் யானைக்கும் நடுவே துணி போர்த்தி நிற்கும். கூலி இல்லாமையின் கூலியை மறந்தானும் இல்லை.

பழக்கல் எவ்வாறு எனின், இதன் கால் அசையாமையின் தோளே பழக்கப்படும். திருவரங்கத்து வையாளியில் தண்டு தூக்குவோர் முன்னும் பின்னும் வளைந்தோடிப் பாய்ச்சல் காட்டுவர். அவர்க்குக் கொள்ளு இல்லை, புளியோதரை உண்டு. அவ்வாறாயின் இதுவும் தின்பரி ஆகாதோ எனின், அற்றன்று. தின்பது கால்; தின்னாதது பரி.

3. திரிபரி. இரண்டிலும் அடங்காதது, பகலில் புரவி, இரவில் நரி. புரவி வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் ஆவுடையார்கோயிலில் செலவிட்டபின் மதுரைப் பந்திக்கு வந்தவை இவ்வகையின. அவை இரவில் திரிந்து, அங்கிருந்த பழம்புரவிகளைக் கடித்துக் குதறி ஓடின என்பது திருவிளையாடல். தரகர் கைமாற்றும் புரவிகளுள் இதன் கிளை ஒன்று உண்டு. அது சந்தை எல்லை தாண்டியபின் திரியும். குடிப்பந்தியார் திரிபரியை இரவு வைப்புக்கு ஏற்கற்க. ஏற்பின், கூலியைப் பொழுது சாயுமுன் எண்ணி வாங்குக.