தன்னார்வலரின் ஊதியம்

சிறுவர்களை இயற்கை நடைக்கு, அதாவது பறவைகளையும் பூச்சிகளையும் அவை வாழும் இடத்திலேயே காட்டுவதற்கான உலாவுக்கு, ஊதியமின்றி அழைத்துச் செல்வோருக்குப் புண்ணியமும் மனநிறைவும் தூய காற்றும் கிடைக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இவற்றுள் தூய காற்று, வேடந்தாங்கல் ஏரிக்கரையைப் பொறுத்தவரை, ஐயத்துக்குரியது. கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் ஆயிரக்கணக்கில் கூடியிருக்கும் தை, மாசியில் அங்கு வீசுவதை வேறு பெயரிட்டுத்தான் அழைக்க வேண்டும்.

தன்னார்வலர் ஆயத்தமாகவே வருகிறார். பேரினத்தையும் சிற்றினத்தையும் சேர்த்து அறிவியலார் இடும் இருசொற் பெயர்களை முந்தின இரவே மனப்பாடம் செய்திருப்பார். இரவல் வாங்கிய பைனாகுலர் கழுத்தில் தொங்கும். நாலாம் வகுப்பு மாணவர்களோ கரையில் படுத்திருக்கும் நாயிடம் முதலில் நின்று, "சார், இது கடிக்குமா?" என்ற கேள்வியை நாய், நாரை, மரவட்டை என எல்லா உயிர்க்கும் பொதுவாக்கி, புளிசோற்றை எப்போது பிரிக்கலாம் என்பதில் வந்து முடிக்கிறார்கள்.

ஆயினும், சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடக்கும் மரங்களைக் கண்டு, "அவ்வளவும் ஆயா சார்?" என்று ஒருவன் கேட்கும்போது, நாகரிகம் கருதி அதைக் கடந்துபோக எண்ணியிருந்த தன்னார்வலர், ஊரின் வரலாறே அதன்மேல்தான் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. எச்சம் விழுந்து உரமேறிய ஏரிநீர் வயலுக்குப் பாய்ந்ததால்தான் உழவர்கள் பறவைகளைக் காத்தனர்; 1790களில் செங்கற்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுத்துமூலமான ஆணையும் பெற்றனர். அரசு ஆவணத்தில் இடம்பெறத்தக்க பொருளைப் பையன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான் என்பதை மறுப்பதற்கில்லை.

இதனினும் கடினமான கேள்வி, காவற்கோபுரத்தின் அடியில், மழை படாத புழுதியில் காத்திருக்கிறது. அங்கே புனல் வடிவக் குழிகள் பறித்து, அடியில் புதைந்திருந்து, சரிந்து விழும் எறும்பைக் கவ்வும் குழியானையை, அதாவது தும்பியை ஒத்த ஒரு பூச்சியின் இளம்புழுவை, உள்ளங்கையில் ஏற்றிப் பின்னோக்கி நடக்கவிடும் சிறுமி, "இது எங்கே ஆய் போகும்?" என்கிறாள். மனப்பாடம் செய்த பெயர்கள் எவையும் இங்கு உதவுவதில்லை. வீட்டுக்குப் போய் நூல்களைப் புரட்டும் தன்னார்வலருக்குத்தான், இளம்புழுவின் குடல் கடைசியில் அடைபட்டிருப்பதும், ஓராண்டோ அதற்கு மேலோ சேர்ந்த கழிவு முழுவதையும் சிறகு முளைத்து வெளிவந்த பிறகே அது ஒருசேர வெளியேற்றுவதும் தெரியவருகின்றன. ஊதியம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். சிறுமி கேட்டிராவிட்டால் அவர் அந்தப் புழுதியை மிதித்துக்கொண்டு நாரை பார்க்கப் போயிருப்பார்.

பெற்ற அறிவை உடனே பயன்படுத்தும் ஆசையால், அடுத்த உலாவிலிருந்து திரும்பும் வழியில், வண்டியை நிறுத்தச் சொல்லி நெளியும் மாணவனிடம் குழியானையின் பொறுமையை எடுத்துரைக்கும் தன்னார்வலர்களும் உளர். அந்த உபதேசம் எவரிடமும் பலித்ததாகத் தெரியவில்லை.