மலருக்கு அடுத்தது என்னங்க?

அனுப்புநர்: செக்கிங் இன்சார்ஜ் ஒருவர், பனியன் கம்பெனி, திருப்பூர்.

பெறுநர்: பிள்ளைகளின் திறமையைக் கண்டறியும் பொறுப்பில் உள்ள மேலதிகாரி அவர்கள், சென்னை.

பொருள்: ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு வகுப்புக்கு மீறிய அறிவு இருப்பது குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருளைப் படித்ததும் மனுவைத் தவறாக எழுதிவிட்டான் என்று ஒதுக்கிவிடாதீங்க. படிப்பு வராத பிள்ளையை எங்கே கூட்டிப்போவது, யாரைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியும். அளவுக்கு மீறி வருகிற பிள்ளைக்குத்தான் எந்த ஜன்னலில் போய் நிற்பது என்று தெரியவில்லை.

பிள்ளை எங்கள் லைன் வீட்டைச் சேர்ந்தது. அப்பா பவர் டேபிள் டெய்லர், அம்மா டிரிம்மிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து பேக்கிங் ஸ்லிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 720 பீஸ், ஒன்றுக்கு இரண்டு, இரண்டு, ஒன்று என்ற விகிதம். எஸ் 120, எம் 230, எல் 240, எக்ஸ்எல் 120 என்று எங்கள் பேக்கிங் மாஸ்டர் எழுதியிருந்தார். பாப்பா என் தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, எம்முல பத்து காணோம்" என்றாள். எப்படித் தெரியும் கண்ணு என்றேன். "எஸ்ஸு மாதிரி ரெண்டு மடங்குதானே எல்லு? அப்ப எம்மும் அதேதானே?" மூன்று இலக்க எண் அவள் வகுப்பில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பேக்கிங் மாஸ்டருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ்.

அவள் அம்மா ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போய்விடும் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு நானே போனேன். டீச்சர் நல்ல மனுஷி. "ஆமாங்க, கெட்டிக்காரி. மலர்ல இருக்கா" என்றார். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு 2022-ல் நீங்கள் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல வரவில்லை. பின்தங்கிய பிள்ளை எங்கே நிற்கிறது என்று டீச்சரால் சட்டென்று சொல்ல முடிகிறது. நான் கேட்டது ஒன்றுதான். "மலருக்கு அடுத்தது என்னங்க டீச்சர்?"

"மலர்தாங்க கடைசி."

ஆறு வயதிலேயே கடைசி நிலையை எட்டிவிட்ட பாப்பா, கொடுத்த கணக்கைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறாள். அதன் பிறகு அவளுக்கும் வேலை இருக்கிறது. சாக்பீஸ் வாங்கி வருவாள், நோட்டுகளை அடுக்குவாள், மதிய உணவுக்குத் தட்டு எண்ணுவாள், அரும்புப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பாள். சம்பளமில்லாத உதவி ஆசிரியை ஒருவர் உங்கள் கணக்கில் வராமல் வேலை பார்க்கிறார் என்பதையும் இந்த மனு மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். டீச்சரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே அறையில் மூன்று வகுப்பு, கையில் பள்ளி விவரமெல்லாம் ஏற்றவேண்டிய எமிஸ் செயலி, வாசலில் புதிதாகச் சேர வந்து நிற்கும் ஒடிசாக் குடும்பம்.

ஒடிசா என்றதும் ஞாபகம் வந்தது. பாப்பாவின் பக்கத்து அறையில் ஒரு பையன். வீட்டில் ஒடியா, அப்பாவின் கம்பெனி ஆட்களோடு இந்தி, தெருவில் எங்களோடு தமிழ். மளிகைக் கடையில் அவன் அம்மாவுக்கு அவன்தான் துபாஷி, விலையும் அவனே பேசுவான். தமிழில் எழுத இன்னும் வரவில்லை. ஆகவே அரும்பு.

எனக்குத் தெரிந்த தொழில் சோதிப்பது. 3,000 பீஸ் ஆர்டர் ஒன்று கப்பலுக்குப் போகிறது என்றால், பையர் அனுப்பும் ஆள் வந்து 125 பீஸை உருவிப் பார்ப்பார். ஏற்கத்தக்க குறை அளவு, அதாவது ஏ.க்யூ.எல்., 2.5 என்றால் பெரிய குறை ஏழு வரை பாஸ், எட்டு என்றால் மொத்த லாட்டும் ஃபெயில். நூல் பிசிறு, எண்ணெய்க் கறை, ஓட்டை, அளவு, ஜி.எஸ்.எம்., எல்லாம் பார்ப்போம். இவ்வளவு பார்த்தும் நாங்கள் தேடுவது குறையை மட்டும்தான். எந்த பீஸ் பிரமாதமாக வந்திருக்கிறது என்று இதுவரை ஒரு பையரும் கேட்டதில்லை. சட்டைக்கு அது போதும். அது மேல் வகுப்புக்குப் போகப் போவதில்லை.

உங்கள் செக்கிங்கும் எங்கள் செக்கிங் மாதிரியே நடக்கிறது என்பதுதான் என் புகார். பாவம், இது உங்களிடம் ஆரம்பித்ததும் அல்ல. பிரான்ஸில் ஆல்ஃபிரெட் பினே 1905-ல் புத்திக்கூர்மைச் சோதனையை உருவாக்கியதே, வகுப்பில் திணறும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவத்தான். அதை நம் நாட்டுக்கு ஏற்ப காமத் என்பவர் மாற்றியமைத்த பினே-காமத் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காக்காரர்கள் அதே கருவியைத் திருப்பிப் பிடித்து மேலே நிற்கும் பிள்ளையையும் தேட ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. புனேயில் ஞான பிரபோதினி என்ற அமைப்பு 1962 முதல் இந்த வேலையில் இருக்கிறது. பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்திலும் இதற்கென ஒரு திட்டம் உண்டு. பெங்களூரு இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம், ஐயா.

நீங்கள் தேர்வே வைக்கவில்லை என்று சொன்னால் பாவம் பிடிக்கும். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு, ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வு, அதற்கு மேல் முதலமைச்சர் திறனாய்வு, பதினோராம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறிவு. மாவட்ட மாதிரிப் பள்ளியும் ஒன்பதாம் வகுப்பில்தான் ஆரம்பம். மூளை எட்டாம் வகுப்பில்தான் முளைக்கும் என்று அரசாணை ஏதும் இருந்தால் நகல் அனுப்பி வைக்கவும். எங்கள் ஊரில் அந்த வயதுக்கு வேறொரு அர்த்தமும் உண்டு. பதினான்கு முடிந்தால், ஆபத்தான தொழில் தவிர மற்றதற்கு ஆள் எடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் ஹால் டிக்கெட் கொடுக்கும் வயதில்தான் தெரிந்த அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்து, "பையன் கைமடிக்க வருவானாங்க?" என்று கேட்பார். அவர் வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கிறார். ஊரகத் திறனாய்வில் ஜெயித்த பிள்ளைக்கு நீங்கள் கொடுப்பது வருஷத்துக்கு 1,000 ரூபாய், டெய்லர் ஒருவரின் இரண்டு மூன்று ஷிப்ட் கூலி. அதிலும் மாவட்டத்துக்கு 50 பையன், 50 பெண், ஊரகப் பள்ளியில் படித்தால் மட்டும். பெருமாநல்லூர் பஞ்சாயத்துப் பிள்ளைக்குத் திறமை இருக்கலாம், மாநகராட்சிக்குள் வந்துவிட்ட வேலம்பாளையத்துப் பிள்ளைக்கு இந்தத் தேர்வைப் பொறுத்தவரை இருக்கக்கூடாது.

டெல்லியைக் கேட்கலாமே என்பீர்கள். 1963-ல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வை அவர்கள் 2021-க்குப் பிறகு நிறுத்தி வைத்துவிட்டார்கள். நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை, அது இந்திச் சண்டை. 2020 கல்விக் கொள்கையில் தனித்திறன் பிள்ளைகளைப் பற்றிச் சில பத்திகள் இருக்கின்றன. பத்திகளாகவே இருக்கின்றன.

காலி இடத்தைத் தனியார் நிரப்பாமல் விடுவார்களா? கைரேகையை ஸ்கேன் செய்து பிள்ளை டாக்டரா கலெக்டரா என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். சில வருஷத்துக்கு முன் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் நடுமூளை வகுப்பு வேறு வந்தது. இரண்டுக்கும் அறிவியல் ஆதாரம் கிடையாது, ரசீது மட்டும் உண்டு. பாப்பாவின் அம்மா என்னிடம் வந்து, "அண்ணா, சீட்டு எடுத்து அந்த ரேகை டெஸ்ட் பண்ணிரலாமா?" என்று கேட்டதால்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

கடிதம் எழுதினால் நடக்குமா என்று கம்பெனியில் சிரிக்கிறார்கள். ஈரோடு இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 1887-ல் அங்கே பிறந்த ராமானுஜன் பள்ளிக்கூடத்தில் கணக்கில் பரிசெல்லாம் வாங்கினார், பிறகு மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு எஃப்.ஏ. தேறாமல் போனார், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம்தான் வேலை செய்தது. என்னிடம் தேற்றம் ஏதும் இல்லை, பேக்கிங் ஸ்லிப் நகலை இணைத்திருக்கிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பணம் வேண்டாம், தனிப் பள்ளி வேண்டாம், ஏழு வயதில் நுழைவுத் தேர்வு வைத்து அதற்கொரு கோச்சிங் சென்டர் முளைக்கவும் வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே டீச்சர் தன் கண்ணில் பட்டதை எழுதிவைக்க எமிஸில் ஒரு கட்டம். எழுதியதைப் பார்க்க வட்டார வள மையத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆள். ஒடியாப் பையனை ஒடியாவில் கேட்டுப் பார்க்க ஓர் ஏற்பாடு. இவையெல்லாம் நிதியாண்டு பார்த்துத்தான் நடக்கும் என்றால் நடக்கட்டும். இந்த ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் பாடத்துக்கு மட்டும் நான்காம் வகுப்பில் போய் உட்காரலாம், அதற்காக யாரும் டீச்சரிடம் விளக்கம் கேட்க மாட்டார்கள் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்க. அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
செக்கிங் இன்சார்ஜ்

இணைப்பு: பேக்கிங் ஸ்லிப் நகல் ஒன்று (எம் சைஸ் திருத்தப்பட்டது).