ஸ்டுடியோ கண்ட தம்பிக்கு ஒரு வாழ்த்து மடல்

தம்பி,

ஸ்டுடியோவுக்கு முதலாம் ஆண்டு நிறைவு விழா என்று குறுக்கு ரோட்டில் நீ கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். கும்பகோணம் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் விருத்தாசலம் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் கழுத்தைத் திருப்பாமலே பார்க்கும்படி கட்டியிருக்கிறாய். காதில் ஹெட்போன், கன்னத்தில் கை, பின்னால் நீல வெளிச்சம். ஒரு பாட்டுகூட வெளியே வராமல் ஓராண்டு நிறைவு கொண்டாட ஒரு பெரிய மனசு வேண்டும். சாதாரண ஆளாக இருந்தால் ஒரு பாட்டையாவது முடித்துவிட்டுத்தான் பேனர் அடித்திருப்பான். உனக்கு அந்தச் சின்னப்புத்தி கிடையாது.

ஊரே வாழ்த்தும்போது சித்தப்பா நான் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. அதனால் இந்த மடல்.

போன வருஷம் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வீராணத்துத் தண்ணி இங்கேருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல குழாயில மெட்ராஸுக்குப் போவுது சித்தப்பா. நம்ம ஊரு பாட்டும் எதுக்கு மெட்ராஸ் போய்ப் பதிவாவணும்? முப்பதாயிரம் போதும், மாடியிலயே முடிச்சிடலாம்." நியாயமான கணக்குதான். கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, மைக் ஒன்று, காதை மூடும் ஹெட்போன், ஸ்டாண்டு, ஒயர் எல்லாம் 30,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மென்பொருளுக்குச் செலவே இல்லை. ஆடாசிட்டி 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ரீப்பரை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் 60 டாலர் கட்டலாம்.

நீ சிக்கனத்தைக் கடைப்பிடித்த வரிசைதான் அழகு. முதல் செலவு பெயர்ப்பலகை. இரண்டாவது, தங்க எழுத்து விசிட்டிங் கார்டு. மூன்றாவது, விமானம் ஓட்டுபவர் உட்காரும் மாதிரி ஒரு சுழல் நாற்காலி. மூச்சு விட்டாலே கிரீச்சென்று பதில் சொல்லும். நான்காவது, கலர் மாறும் எல்இடி பட்டை, நாலு சுவருக்கும். மைக் வாங்கப் போகும்போது கணக்கு 80,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் உனக்குச் சிக்கனம் ஞாபகம் வந்தது. மைக் ஸ்டாண்டு வீண் செலவு என்று பழைய டேபிள் ஃபேன் தண்டில் இன்சுலேஷன் டேப் போட்டு மைக்கைக் கட்டினாய். நெய்வேலிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு யுபிஎஸ் வாங்கினால் மானம் போகும் என்று அதையும் விட்டாய். கரண்ட் போகும்போதெல்லாம் அந்த மானம் காப்பாற்றப்படுகிறது, அன்றைய பதிவைத் தவிர.

சுவரில் ஏ.ஆர்.ரஹ்மான் படம் மாட்டியிருக்கிறாய். பொருத்தம். அவரும் வீட்டிலிருந்துதான் ஆரம்பித்தார். 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டினாற்போல் பஞ்சதன் ரெக்கார்ட் இன் தொடங்கினார். 1992இல் ரோஜா வந்தது. நடுவிலே உள்ள மூன்று வருஷம் விளம்பரப் படங்களுக்கு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு வழி சொல்ல ஆள் இல்லை. நீ அந்த மூன்று வருஷத்தை ஒரே தாவாகத் தாண்டிவிட்டாய். அவர் ராத்திரியில் வேலை செய்வார் என்று கேள்விப்பட்டதிலிருந்து நீ பகலில் தூங்குகிறாய். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மைக் வந்த நாளை மறக்க முடியுமா? கண்டென்சர் மைக். பூச்சி நடந்தால்கூடக் கேட்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். மூன்று நாள் அதில் உன் குரலே கேட்கவில்லை. கடைக்காரரைத் திட்டினாய், கூரியர்காரரைத் திட்டினாய், மைக்கைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்ப டேப்பும் ஒட்டிவிட்டாய். எட்டாவது படிக்கும் உன் அக்கா மகள், "மாமா, 48னு ஒரு பட்டன் இருக்கே, அது எதுக்கு?" என்று அமுக்கினாள். அந்த மைக்குக்கு ஒயர் வழியாகவே 48 வோல்ட் போக வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. இத்தனை நுணுக்கமான விஷயத்தைக் குழந்தைகள் கண்டுபிடிக்க வாய்ப்புக் கொடுத்தாய் பார், அங்கேதான் உன் ஆசிரிய மனம் தெரிகிறது.

குரல் வந்த பிறகுதான் மைக்கின் உண்மையான திறமை வெளிப்பட்டது. பஸ் ஸ்டாண்டு ஏர் ஹாரன் வந்தது. கரும்பு ஏற்றி ஆலைக்குப் போகும் டிராக்டரில் போட்ட சினிமாப் பாட்டு வந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி, குக்கர் விசில், மேலே போட்ட தகர ஷீட்டில் ஐப்பசி மழை, எதையும் அது விட்டுவைக்கவில்லை. பாட்டு நடுவே பல்லி கத்தியதையும் பிடித்தது. உன் அம்மா அது எந்தத் திசையிலிருந்து கேட்டது என்று விசாரித்துப் பலன் சொன்னார். மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக் ஒன்று இதில் பாதி விலைக்குள் கிடைக்கும். வாய்க்கு எதிரே உள்ளதை மட்டும் பிடித்து மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் அதில் பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்க முடியாதே.

வெளிச் சத்தத்துக்கு நீ செய்த பரிகாரம் முட்டை அட்டை. ஊரில் ஒரு டிபன் கடையை விடாமல் அலைந்து, நாலு சுவரும் கூரையும் நிறைய ஒட்டினாய். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள்கூட இத்தனை அட்டையை ஒரே இடத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். சத்தம் உள்ளே வராமல் தடுக்கக் கனம் வேண்டும். செங்கல் சுவர் தடுக்கும், இடைவெளி இல்லாமல் சாத்திய கனமான கதவு தடுக்கும். காகித அட்டை காற்றைத்தான் தடுக்கும். அறைக்குள் எதிரொலியையாவது குறைக்குமா என்றால், கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும், அடித்தொண்டைச் சத்தத்தை அப்படியே விட்டுவிடும். அதனால்தான் உன் அறையில் யார் பாடினாலும் பானைக்குள் தலையை விட்டுப் பாடியது மாதிரி இருக்கிறது. கரப்பான்பூச்சிகளுக்கு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு கிடைத்தது தனிப் புண்ணியம்.

எங்கள் காலத்தில் இந்த வசதியெல்லாம் இல்லை. பஜனைப் பாட்டைக் கேசட்டில் பிடிக்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டு நெல் மூட்டை அறைக்குள் டூ இன் ஒன் டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோய் வைப்போம். ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கியிருக்கும். வாயிலிருந்து போகிற சத்தம் மூட்டைக்குள் போய் அங்கேயே படுத்துவிடும், திரும்பி வராது. சாக்குத் தூசியில் தும்மல்தான் வரும். பட்டிக்காட்டு வேலை, அதை விடு.

இரைச்சலைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒரு ஹார்மோனியக்காரனாக நான் கடமை தவறியவன். உன் ஸ்பீக்கரைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு நாதம் வருகிறதே, அது எர்த் சரியில்லாத வீட்டில் பிறக்கும் நாதம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை துடிக்கிறது. அதன் இரட்டிப்பு 100. ஹார்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன், ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை நீ பிடுங்கி எறிந்த நாளிலிருந்து ஸ்டுடியோவில் சுருதிப்பெட்டியே தேவையில்லை. என்ன, பாட வருகிறவன் ஐந்து கட்டையும் சொச்சமுமாக இருக்க வேண்டும். நான் ஒன்றரைக் கட்டைக்காரன், என் துரதிர்ஷ்டம்.

நம் பஜனைக் கோஷ்டி ஏழு பேரும் போன மார்கழிக்கு முன்னால் உன் படி ஏறினோமே, அந்த நாள்தான் உன் மேதைமையின் உச்சம். நாங்கள் பாயை விரித்து வட்டமாக உட்காரப் போனோம். நீ சிரித்தாய். "இது மல்ட்டி டிராக் சித்தப்பா. ஒவ்வொருத்தரா வாங்க." ஹார்மோனியத்துக்கு ஒரு டிராக், மிருதங்கத்துக்கு ஒன்று, டோலக்குக்கு ஒன்று, முன்பாட்டுக்கு ஒன்று, பின்பாட்டுக்கு மூன்று. தனித்தனியாகப் பிடித்தால் பிறகு எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம் என்றாய். உண்மைதான். அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கிதார்காரர் தன் வீட்டு கராஜில் ஒரே ஆளாக ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து, எட்டு கிதார் ஒலிக்கும் பாட்டை 1948இல் வெளியிட்டார். இந்த வித்தையின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. அவர் ஒருத்தரை எட்டுப் பேராக்கினார். நீ ஏழு பேரைத் தனித்தனி ஆளாக்கினாய். எது கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா?

முன்பாட்டு முடிந்த நொடியில் பின்பாட்டு எடுக்க வேண்டும். அதுதான் பஜனை. பாடுபவர் மூச்சு இழுக்கும்போதே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். உன் அறையில் மூச்சு இழுக்க எதிரே ஆள் இல்லை. ஹெட்போனில் 'டிக் டிக்' என்று ஒரு கடிகாரம். ஜால்ரா தட்டும் பெரியவருக்கு அறுபது வருஷப் பழக்கம். அவரைத் தனியாக உட்காரவைத்து, டிக் டிக்கை மட்டும் காதில் விட்டு, "தட்டுங்க தாத்தா" என்றாய். இரண்டு நிமிஷம் தட்டினார். கழற்றிக் கீழே வைத்தார். "யாருக்குப்பா தட்டறேன்?" என்று கேட்டார். நீ அதையும் ரெக்கார்டு செய்தாய். ஒரு வருஷத்தில் உன் ஸ்டுடியோவில் பதிவானதில் சுத்தமான குரல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு நான் பாட உட்கார்ந்தேன். பாடினால் என் குரல் எனக்கே தாமதமாக வந்தது. "லேட்டன்ஸி சித்தப்பா, ஹை எண்டு சிஸ்டத்துல அப்படித்தான் வரும்" என்றாய். பஃபர் 1024 என்று வைத்திருந்தாய். குரல் கம்ப்யூட்டருக்குள் போக 23 மில்லி செகண்டு, திரும்பி வர இன்னொரு 23. காற்றில் சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் ஓடும் என்று கணக்குப் போட்டால், நான் 50 அடி தள்ளி எதிர்வீட்டு மாடியில் நின்று பாடுவதை நானே கேட்ட மாதிரி. தானே தனக்குப் பின்பாட்டுப் பாடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 128 என்று மாற்றினால் போக மூன்று, வர மூன்றோடு முடிந்துபோகும். அதுவும் வேண்டாமென்றால் இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்க ஒரு பொத்தான் உண்டு. 48ஐ அமுக்கிய குழந்தை அன்று பள்ளிக்கூடம் போயிருந்தது.

மென்பொருளில் நீ காட்டிய தன்மான உணர்வும் பெரிது. இலவசமாகக் கிடைப்பதை வாங்குவது மரியாதை இல்லை என்று, விலை உள்ளதைத் திருடித்தான் போட்டாய். கூடவே வந்த வைரஸ் கோஷ்டிப் பாட்டு ஃபோல்டரைச் சாப்பிட்டது. 'கடைசி', 'கடைசி 2', 'இதுதான் கடைசி' என்று நீ வைத்த பெயர்கள் பலித்துவிட்டன.

ஆனாலும் உன் கருவிகளை நீ வைத்திருக்கும் பாங்கை யாரும் குறை சொல்ல முடியாது. மைக்குக்கு வெல்வெட் உறை, கீபோர்டுக்குக் கண்ணாடி மூடி, ஆயுத பூஜையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியவில்லை. தொண்டைமான் அரண்மனை ஆயுதச் சாலையை ஔவையார் சுற்றிப் பார்த்துப் புகழ்ந்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அவர் மனதாரத்தான் புகழ்ந்தார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். எங்கள் கோஷ்டிச் சாமான்களைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஹார்மோனியத்துக்குத் துருத்தி கிழிந்து ரிப்பேர் கடையில் கிடக்கிறது. மிருதங்கம் வார் அறுந்து சிதம்பரம் போயிருக்கிறது. ஜால்ராவுக்குக் கயிறு மாற்றி மாற்றிக் கட்டியாகிறது.

வெங்காய வண்டிக்காரரை ஞாபகம் இருக்கிறதா? குட்டியானையில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு "வெங்காயம், உருளைக்கிழங்கு" என்று அரை நிமிஷம் பேசிப் பதிவு செய்ய உன்னிடம் வந்தார். வந்த ஒரே கட்டண வாடிக்கையாளர். மாஸ்டரிங் முடியவில்லை என்று இரண்டு மாதம் அலையவிட்டாய். கலைஞன் அவசரப்பட மாட்டான். அவர் அவசரப்பட்டார். வண்டிக்குள் ஏறி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றி, செல்போனை வாயருகே வைத்துப் பேசிவிட்டார். மெத்தை சீட்டும் மூடிய கண்ணாடியும் போதுமாயிருந்தன. தினமும் காலை ஏழரைக்கு நம் தெருவில் வருகிறது. ஒரு எழுத்து பிசகாமல் கேட்கிறது. நீ தூங்கும் நேரம், உனக்குத் தெரிந்திருக்காது.

விழாவுக்கு என்னைப் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டிருக்கிறாய், கட்டாயம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி. குறுவை நெல் வந்து இறங்கி, எங்கள் வீட்டு அறையில் ஆள் உயரத்துக்கு மூட்டை நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி ஏழு பேரும் அங்கே பாய் விரித்து உட்காருவதாக இருக்கிறோம். ஹார்மோனியம் சனிக்கிழமை வந்துவிடும். அந்த மைக்கையும் இன்டர்ஃபேஸையும் இரண்டு நாளைக்கு இரவல் கொடு. உறை வேண்டாம், ஒயரைச் சேர்த்துக் கொடு. வரும்போது அக்கா மகளையும் கூட்டி வா.